அதிரும் நாற்காலிப் படலம்

வாழ்க தங்கமுத்து! சங்ககிரியில் பிறந்து, இமயம் முதல் குமரி வரை சரக்கேற்றி, முப்பதாண்டுக் காலம் பதினாறு சக்கரத் தேரைப் பழுதின்றிச் செலுத்திய மாபெருஞ் சாரதியே, வாழ்க! சுங்கச்சாவடிகள் கண்டு நடுங்கிய சுருள்மீசையோனே, வாழ்க! நின் புகழ் முழுவதும் பாட என் பேனாவில் மை போதாது. இருப்பதைக் கொண்டு சமாளிக்கிறேன்.

லாரியை விற்ற நாள்முதல் நாற்பத்தோரு நாளாக அம்மாவீரன் கண்ணுறங்கினானில்லை. மாற்று ஓட்டுநரிடம் ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டு, இஞ்சின் உறுமலையே தாலாட்டாகக் கேட்டுப் பழகிய அவ்வுடலுக்கு, ஆடாமல் அசையாமல் கிடக்கும் தேக்குக் கட்டில் முட்படுக்கை ஆயிற்று. சிவந்த கண்ணும் சிடுசிடுத்த முகமுமாய்த் திரியும் கணவனைக் காணச் சகியாத மதுமதியார், "சேலத்துல புதுசாப் பாட்டு மாளிகை தொறந்திருக்காங்களாமுங்க, ஒரு நடை போய்ட்டு வந்துரலாம் வாங்க" என்று இழுத்துச் சென்றார். பாவம், அவருக்கும்தான் தூக்கமில்லை.

ஆங்கே கீழ்த்தளத்தில் கச்சேரி மேடை, மேல்தளத்தில் கண்காட்சி. மின்னும் கிதார்களையும் மலையெனக் குவிந்த முரசங்களையும் ஏறிட்டும் பாராது நடந்த வீரன், மூலையில் ஒரு கறுப்பு நாற்காலியைக் கண்டான். 'பேஸ் என்னும் அடிநாத ஒலியை உடம்பால் கேளுங்கள். ஒருவருக்கு மூன்று நிமிடம்' என்றது பலகை. அமர்ந்தான். அடியிலிருந்து கடகடவென அதிர்ந்தது ஆசனம். ஐயகோ, என்ன சுகம்! நாற்பத்தோரு நாளாகச் சரியாத இமைகள் சரியத் தொடங்கிய அக்கணத்தில் மூன்று நிமிடம் முடிந்துவிட்டது.

வரிசையின் வாலுக்கு விரட்டப்பட்டு, ஊர்ந்து ஊர்ந்து அவன் மீண்டபோது, "இன்னும் ஒருத்தருக்குத்தானுங்க! அப்புறம் மூடறோம்!" என்று முழங்கினான் கண்காட்சிக் காவலன் அன்பரசு. வீரனுக்கு முன்னே நின்றவளோ சண்முகப்பிரியா, கல்லூரி மாணவி, ஒரு மணி நேரம் கால்கடுக்கக் காத்திருந்தவள். தொப்பூர்க் கணவாயில் கற்ற இடப்பக்கம் முந்தும் வித்தையை ஏவினான் தங்கமுத்து. புகுந்தான், நாற்காலியின் ஒரு கையைப் பற்றினான். மறு கையைப் பற்றினாள் அவ்வீராங்கனை. தராசு எப்பக்கமும் சாயாமல் நின்றது.

"ஏனுங்க, நாந்தானுங்களே முன்னால நின்னேன்?"

"நாப்பத்தொரு நாளாத் தூங்கல சாமி! இந்த ஒருவாட்டி உட்டுக்குடு!" என்று திக்கெட்டும் எதிரொலிக்கப் பிரகடனம் செய்தான் வீரன்.

அவள் அவன் கண்களைப் பார்த்தாள். கையை எடுத்துவிட்டாள்.

இரண்டாம் நிமிடத்திலேயே எழுந்த குறட்டைப் பேரொலிக்குக் காட்சி முரசங்களெல்லாம் நாணின. மூன்று நிமிடம் பத்தாயிற்று. அன்பரசு அழைத்தான், தட்டினான், தோளைப் பற்றி உலுக்கினான், மலை அசையவில்லை. வேறு வழியின்றிச் சுவிட்சை அணைத்தான். அதிர்வு நின்றதுதான் தாமதம், வீரன் துள்ளியெழுந்து, "ஏப்பா, வண்டி ஏன் நின்னுபோச்சு?" என்று கர்ஜித்தான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. மதுமதியார் மட்டும் சிரிக்காமல் குனிந்து, அந்நாற்காலியின் அடிப்பாகத்தை நெடுநேரம் உற்று நோக்கினார்.

மறுநாள் மதியம் மதுமதியார், அரைக்க ஒன்றுமில்லாத கிரைண்டரைத் தங்கமுத்துவின் கட்டிலோடு ஒட்டி வைத்துச் சுவிட்சைப் போட்டுவிட்டார்.