ஒரு புகாரும் வரவில்லை

பத்தே கால் மணிக்கு வருகைப்பதிவு மெஷின் படுத்துவிட்டது. படுக்க வைத்தவர் கீழ்வீட்டுக்காரர்தான்.

அலுவலகத்தின் அடித்தளத்தில், சர்வர் அறையிலேயே பதினான்கு வருடமாகக் கிடப்பதால் மேல்மாடிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் அது. வயது ஐம்பத்து மூன்று. அவர் பேரில் ஏற்கெனவே இரண்டு புகார்கள். மூன்றாவது வந்தால் வீட்டுக்குக் கிளம்ப வேண்டியதுதான் என்று மேனேஜர் போன வருடமே எழுதிக் கொடுத்துவிட்டார்.

அதே மேனேஜர் இரண்டு வாரமாகத் தேனாகப் பேசினார்.

"அந்த ப்ராசஸர் செட்டிங்கெல்லாம் தானாவே ஆகுற மாதிரி ஒரு புரோகிராம் எழுதிடுங்களேன். மெதுவா பண்ணுங்க, அவசரமே இல்ல" என்று தோளில் வேறு தட்டினார்.

அவசரமே இல்லையாம்! வெட்டப்போகிற ஆட்டைத் தடவிக் கொடுக்கிறார் மனுஷன் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

விஷயம் பெரிய கம்பசூத்திரமில்லை. பதினொரு வருடத்தில் ஒவ்வொன்றாக வாங்கிய பன்னிரண்டு சர்வர்கள். அவற்றுக்குள்ளே நாற்பத்தொரு விர்ச்சுவல் மெஷின்கள், அதாவது தனிப் பெட்டி இல்லாமல் சர்வருக்குள்ளேயே குடியிருக்கும் கம்ப்யூட்டர்கள். வருகைப்பதிவுக்கு ஒன்று, கிடங்குக்கு ஒன்று, மெயிலுக்கு ஒன்று என்று. ஒரு சர்வர் மண்டையைப் போட்டால் அதிலுள்ள மெஷின் பக்கத்து சர்வருக்குத் தாவ வேண்டும். அதற்கு எல்லா சர்வரும் ஒரே வயதுபோல் காட்டிக்கொள்ள வேண்டும். அதாவது, நேற்று வந்த புது ப்ராசஸர் தன் பாதி வித்தையை மறைத்துக்கொண்டு, மாமனார் வீட்டு மாப்பிள்ளைபோல் ஒன்றும் தெரியாத மாதிரி நிற்க வேண்டும்.

இத்தனை நாள் இதைக் கையால் செய்தவர், இப்போது புரோகிராமுக்குச் சொல்லிக் கொடுத்தார்: 'இருப்பதிலேயே பழைய சர்வரைத் தேடு. எல்லோரையும் அதன் அளவுக்கு இறக்கு.'

அது தேடியது. தூக்கிப்போட மனமில்லாமல் மூலையில் அவர் ஓடவிட்டிருந்த பதினொரு வயதுக் கிழத்தைக் கண்டுபிடித்தது. அத்தனை சர்வரையும் அதன் அளவுக்கு இறக்கத் தொடங்கியது. அதற்காக முதலில் அணைத்த வருகைப்பதிவு மெஷின், இந்தக் கிழட்டு ப்ராசஸரில் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"அட கடவுளே!"

கிழத்தின் ஒயரைப் பிடுங்கினார். சற்று முன்பிருந்த சர்வர் எங்கே என்று குழம்பிய புரோகிராம், முதலிலிருந்து ஆரம்பித்துக் கிடங்கையும் மெயிலையும் சேர்த்து அணைத்தது. பதறிப்போய் புரோகிராமையே நிறுத்தினார். பாதி சர்வர் ஒரு வயதிலும் மீதி வேறு வயதிலும் நின்றன. இனி கையால்தான் சரிசெய்ய வேண்டும். அதற்கு எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். அணைத்தார். நாற்பத்தொன்றும் அவுட்!

மேசைப் போனைப் பார்த்தார். அது கம்மென்று இருந்தது.

ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். உயிர் இருந்தது. சந்தேகம் தீராமல் தன் செல்போனிலிருந்து அதற்கு அடித்தார். மணி அடித்ததும் தூக்கிவாரிப்போட, பாய்ந்து எடுத்து, "இதோ சார், அஞ்சு நிமிஷம் சார்!" என்றார். தன் குரல் செல்போனில் கேட்டபிறகுதான் உறைத்தது.

தாங்க முடியாமல் மாடிக்கு ஓடினார். வரவேற்பில் இருந்த பெண் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டம் எப்படிம்மா இருக்கு?"

"சூப்பரா இருக்கு சார். இப்பல்லாம் பறக்குது!"

குத்திக் காட்டுகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டு இறங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, இன்னைக்குக் கம்ப்ளெய்ண்ட் ஏதாச்சும் வந்துச்சா?"

"இன்னும் வரலை."

"அதென்ன 'இன்னும்'? பொண்ணு படிப்பு முடிய ஒரே வருஷம்ங்க. அதுவரைக்கும் யார் என்ன சொன்னாலும் வாயைத் திறக்காம இருந்துடுங்க."

"சரிம்மா."

போனை வைத்ததும் அழுகை வந்துவிட்டது. ஐம்பத்து மூன்று வயதுக்காரனை எவன் வேலைக்கு வைப்பான்? அந்த சர்வர்களைத் தவிர அவருக்கு வேறு என்ன தெரியும்? மூக்கைச் சிந்திவிட்டு உட்கார்ந்தார்.

ஒவ்வொரு சர்வராகச் செட்டிங்கை மாற்றினார். ஒவ்வொரு மெஷினாக எழுப்பினார். சாப்பிடவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இரண்டேகாலுக்கு நாற்பத்தொன்றாவது மெஷினும் கண் விழித்தது. புரோகிராமையும் திருத்தி ஓட்டிப் பார்த்தார். இந்தமுறை பூனைக்குட்டிபோல் சொன்னதைக் கேட்டது.

நாலு மணி நேரம். ஒரு புகார்? ஊஹூம்!

பதினான்கு வருடத்தில் இப்படி ஒரு நாள் வந்ததில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது. ஏணியோடு உள்ளே வந்த ஏசி மெக்கானிக்தான் அகப்பட்டார்.

"மொத்த ஆபீசையும் நிறுத்தி, திரும்ப எழுப்பியிருக்கேன்யா! ஒருத்தருக்குத் தெரியலை. ஒரு போன் வரலை. இனிமே என்னை யாரு அசைக்க முடியும், சொல்லு!"

மெக்கானிக் ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் முகத்தையே பார்த்தார்.

"போன் எப்படி சார் வரும்? எல்லாத்தையும் நகல் எடுத்து, போன மாசமே வெளிக் கம்பெனி சர்வருக்கு மாத்திட்டாங்களாம். ஏசியைக் கழட்டச் சொல்றப்ப, 'அவர்கிட்ட சொல்ல மனசு வரலை, அதான் ஏதோ வேலை குடுத்து உக்கார வெச்சிருக்கேன்'னு மேனேஜர் கண் கலங்கிட்டார் சார்."