படிக்கட்டு மாமியும் பிள்ளையார் ஸ்டாப்பிங்கும்

“லிஃப்டுக்கும் வயதாகிவிட்டது. இன்று முதல் காலை வேளைகளில் அது ஓய்வெடுக்கும். அரிசி மூட்டை, கர்ப்பிணி, முழங்கால் வலி ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு.”

மயிலாப்பூரில் நான் குடியிருக்கும் அடுக்ககத்தின் அறிவிப்புப் பலகையிலிருந்து இந்தக் காகிதத்தை எடுத்து வைத்திருக்கிறேன். தேதி இல்லை. ‘வெள்ளி’ என்று கிழமை மட்டும் இருக்கிறது. பின்பக்கத்தில், மெட்ரோ வேலைக்காக எங்கள் தெருமுனையில் தகரத் தடுப்பு வைக்கப்போகும் செய்தி அச்சாகியிருக்கிறது. எனவே தடுப்பு வருவதற்குச் சற்று முன்னால் எழுதியது என்று கணிக்கிறேன். எழுதியவர் படிக்கட்டு மாமி.

உட்கார்ந்திருக்கும் மனிதரை எழுப்பி நிற்கவைப்பதில் மாமிக்கு நிகராக இந்த நகரத்தில் யாருமில்லை. தேசிய கீதம்கூட அவருக்கு அடுத்தபடிதான்.

மாமி ஒரு சுகாதார ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஜனங்கள் ஏன் கை கழுவுவதில்லை, மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் என்று வீடு வீடாகப் போய் விசாரிப்பது அவர் வேலை. அதிலிருந்து அவர் கொண்டுவந்த சித்தாந்தம் ஒன்றுண்டு. “புத்தி சொல்லி எவனும் நடந்ததில்லே. நடக்கற மாதிரி ஏற்பாடு பண்ணணும்.”

ஏற்பாடுகள் ஆரம்பமாயின. வாசலில் ஆண்கள் உட்கார்ந்து அரசியல் பேசும் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒரு காலையில் மொட்டை மாடிக்குப் போய்விட்டன. அரசியல் மாடிக்குப் போகவில்லை. நிறுத்தியிருந்த ஸ்கூட்டர் சீட்டுகளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அடுத்து, முதல் மாடிப் படியில் ஒரு விடுகதையை ஒட்டி, விடையை மூன்றாம் மாடியில் ஒட்டினார். மூன்றாம் மாடிக்காரர் நல்ல மனிதர். விடையைப் படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். பிறகு இஸ்திரி வண்டிக்காரரிடம் பேசி, துணியை வீட்டுக்குக் கொண்டுவந்து தரக் கூடாது, அவரவர் இறங்கி வந்துதான் வாங்க வேண்டும் என்று நிறுத்தினார். அந்த வாரம் எங்கள் கட்டடமே கசங்கிப்போய் ஆபீஸ் போனது.

மாமி சளைக்கவில்லை. எல்லார் செல்போனிலும் காலடி எண்ணும் வசதியை இயக்கிவைத்து ஒரு நடைப்போட்டி நடத்தினார். முதல் பரிசு எவர்சில்வர் டிபன் கேரியர். வென்றவர் இரண்டாம் மாடி ஊஞ்சல் சார்.

கட்டடமே வாயைப் பிளந்தது. ஊஞ்சல் சாரை நாங்கள் யாரும் தெருவில் பார்த்ததே இல்லை. கரண்ட் கம்பம் ஏறும் வேலையில் சேர்ந்து, போர்மேனாக ஓய்வுபெற்றவர். அன்றிலிருந்து கூடத்து ஊஞ்சலே கதி.

“எங்கே சார் நடந்தேள்?” என்றார் மாமி, டிபன் கேரியரைக் கையில் வைத்துக்கொண்டே.

“வீட்டுக்குள்ளயேதான் மாமி.”

அவர் மனைவி பொய்க்குத் துணைபோகிறவர் அல்ல. “செல்போன மடியில கட்டிக்கிட்டு ஊஞ்சல் ஆடினார் மாமி. ஒவ்வொரு உந்தலுக்கும் அது ஒரு அடி ஏத்திக்குது.”

எல்லாரும் சிரித்தோம். மாமிகூடச் சிரித்தார். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. படி இறங்கும்போது மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். சாரின் இடது காலில் ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டு வருகிறது. தினமும் நடக்க வேண்டும், வலி வந்தால் நிற்க வேண்டும், வலி போனதும் திரும்ப நடக்க வேண்டும். இப்போதைக்கு இதுதான் மருந்து, விட்டுவிட்டால் காலுக்கு நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சாரோ வாசல் கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறார்.

மாமி டிபன் கேரியரைக் கீழே வைத்தார். “அந்தக் கால் போகாது. நான் விடமாட்டேன்” என்றார்.

மறுநாள், சங்கிலிக்கு எண்ணெய் போடவேண்டும் என்று சொல்லி ஊஞ்சல் பலகையைக் கழற்றவைத்தார். சார் தரையில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்துகொண்டார். மாமி பேச்சுத்துணைக்கு என்னை அனுப்பினார். சார் என்னோடு கேட்வரை வந்து, “நல்லாப் பேசினீங்க தம்பி” என்று வழியனுப்பிவிட்டுப் போனார்.

அன்று மாலை மாமி நேராகப் போய் அவர் எதிரே, அதே ஜமக்காளத்தில் உட்கார்ந்தார். நானும் கூட இருந்தேன்.

“சார், ஆபீஸ்ல நான் உருப்படியா கத்துண்டது ஒண்ணே ஒண்ணுதான். ஒருத்தர் ஒரு காரியம் பண்ணலேன்னா, ஏன் பண்ணலேன்னு மொதல்ல அவரையே கேக்கணும். ஒங்க விஷயத்துல அத மறந்துட்டேன். ஏன் நடக்க மாட்டேங்கறேள்?”

சார் சங்கிலியையே பார்த்துக்கொண்டிருந்தார். “கெண்டைக்கால்ல புடிச்சு இழுக்குது. நின்னாத்தான் போவுது.”

“நில்லுங்கோளேன். டாக்டரே நிக்கச் சொல்றாரே.”

“எங்க மாமி நிக்கறது? நடுத்தெருவுல சும்மா நின்னா, போறவன் வர்றவன்லாம் ‘என்ன சார், முடியலையா, ஆட்டோ புடிக்கட்டுமா’ன்றான். இந்தத் தெருவுல இருக்கற அத்தனை கம்பமும் நான் ஏறினது. அதுங்க முன்னாடி நொண்டிக்கிட்டு நிக்கவா?”

மாமி, “அப்போ நடக்கறதுக்கு நான் காரணம் தேடினது தப்பு. நிக்கறதுக்குன்னா தேடியிருக்கணும்” என்றார்.

அடுத்த காலை மூவருமாகத் தெருவில் இறங்கினோம். சாருக்கு முதல் வலி எங்கே வருகிறது என்று பார்ப்பது திட்டம். வலி வந்த இடம் திருப்பத்துப் பிள்ளையார் கோயில். மாமியின் முகம் மலர்ந்துவிட்டது. மயிலாப்பூரில் பிள்ளையார் முன்னால் ஒரு மனிதர் எவ்வளவு நேரம் நின்றாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை.

சிக்கல் ஒன்றுதான். சார் பழுத்த நாத்திகர். சாமி இல்லை என்று தொழிற்சங்க மேடைகளில் தொண்டை கிழியப் பேசியவர்.

“நான் இங்க நிக்க மாட்டேன் மாமி.”

“கும்பிடச் சொன்னேனா? நிக்கத்தானே சொல்றேன். நம்பிக்கை என்னோடது, கால் ஒங்களோடது.”

கடைசியில் ஒப்பந்தம் ஏற்பட்டது. சார் அங்கே நிற்பார், ஆனால் பிள்ளையாருக்கு முதுகு காட்டி.

கோயிலுக்கு முதுகு காட்டித் தெருவைப் பார்த்து விறைப்பாக நிற்கும் மனிதரை மயிலாப்பூர் எப்படிப் புரிந்துகொள்ளும் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. முதல் நாளே ஒருவர் செருப்பை அவர் காலடியில் கழற்றிவிட்டு, “பாத்துக்கோங்க சார், தோ வந்துடறேன்” என்று உள்ளே போனார். வாரக் கடைசிக்குள் அவரைச் சுற்றி ஒரு செருப்புக் கடையே சேர்ந்துவிட்டது.

“இன்னா சார்,” என்றார் பக்கத்துப் பூக்காரம்மா, “டெய்லி சாமிக்கு முதுக காட்டிக்கினு நிக்கிற. சண்டையா?”

“சாமியே இல்லம்மா, சண்டை யார்கிட்ட?”

“இல்லாத சாமிக்கு இவ்ளோ நேரம் காவல் நிக்கிறியே நைனா.”

அதையும் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாமல் போனது, பழைய சங்கத்துக்காரர் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்திக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்து, “தோழர், நீங்களா?” என்று கேட்டபோதுதான். சார் செருப்புக் குவியலைத் தாண்டி வீட்டுக்குப் போய், பலகையைத் தாமே மாட்டி, ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாளும்.

மூன்றாம் நாள் மாமி உள்ளே நுழைந்து, ஆடிக்கொண்டிருந்த ஊஞ்சலை ஒரு கையால் பிடித்து நிறுத்தினார்.

“ஒரே ஒரு கேள்வி சார். கால் இல்லாத சுத்த நாத்திகரா இருக்கேளா, கால் இருக்கற சந்தேகக் கேஸா இருக்கேளா?”

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோனது. சார் மாமியைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்து முடித்து, “சட்டையை எடும்மா” என்று மனைவியிடம் சொன்னார்.

அதன் பிறகு பிள்ளையார் முதல் ஸ்டாப்பிங் ஆனார். இரண்டாவது ஸ்டாப்பிங்கை மாமி தெருமுனையில் கண்டுபிடித்தார். மெட்ரோக்காரர்கள் வைத்த தகரத் தடுப்பில் ஓர் இடைவெளி. சென்னையில் பள்ளத்தை எட்டிப் பார்ப்பவரை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பக்கத்தில் வந்து தாமும் பார்ப்பார்கள். சார் அங்கே நின்று, கேபிளை எப்படி இழுத்திருக்க வேண்டும், எப்படி இழுத்திருக்கிறார்கள் என்று விளக்க ஆரம்பித்தார். கேட்க எங்கள் கட்டடத்து ஸ்கூட்டர் சீட்டு அரசியல்வாதிகள் ஒவ்வொருவராக நடந்து போனார்கள். நாற்காலியை ஒளித்தும் விடுகதை ஒட்டியும் நடக்காதது தானாக நடந்தது. மாமி அதைத் தம் வெற்றியாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் கண் ஒரே ஒரு காலின் மேல்தான் இருந்தது.

தடுப்பு இன்னும் நகராத ஒரு காலை. வழக்கம்போல் மாமியும் நானும் எதிர்ச்சாரியில் ஓர் ஆட்டோவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். சார் திருப்பத்துக்கு வந்தார். நிற்கவில்லை. பிள்ளையாரைத் தாண்டி, அதே நடையாகத் தெருமுனைத் தடுப்புவரை போய்விட்டார்.

“இன்னா நைனா, சாமியாண்ட கோச்சிக்கினியா?” என்று பூக்காரம்மா பின்னாலேயே கூவினார்.

சார் அங்கிருந்தே திரும்பி, கெண்டைக்காலை ஒருமுறை தட்டிக் காண்பித்தார்.

மாமி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார். “எழவெடுத்த மெட்ரோ மண்ணு” என்றார். அந்த வாரமே டாக்டர், அறுவை சிகிச்சைப் பேச்சு இப்போதைக்கு வேண்டாம், இப்படியே நடந்துகொண்டிருங்கள் என்று சொல்லி அனுப்பினார். சார் இன்றும் நடக்கிறார்.

ஒரு தகவல் மட்டும் பாக்கி. டாக்டர் அப்படிச் சொன்னதற்கு மறுநாள் விடியும்போது, பிள்ளையார் முன்னால் ஒரு தேங்காய் சிதறிக் கிடந்தது. மாமிதான் என்கிறார் இஸ்திரி வண்டிக்காரர். “நான் வேண்டிண்டா சொல்லிட்டுன்னா செய்வேன்” என்கிறார் மாமி. பூக்காரம்மாவோ, உடைத்தவர் உடைக்கும்போதும் முகத்தைத் தெருப் பக்கமே திருப்பி வைத்திருந்தார் என்று சொல்லிச் சிரிக்கிறார். சாரிடம் நான் கேட்கவில்லை. எதையும் உறுதிசெய்யாமல் எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. இது ஒன்று மட்டும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.