கோசி திரையில் தோன்றினார்

புரொஜெக்டரில் விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, பச்சைப் பொட்டு மினுங்கியது. படம் மட்டும் தெரியவில்லை.

நீர்த்துறை ஊழியன் மொதூசி வெள்ளைத் துணியில் மூக்கு இடிக்கிற அளவுக்குப் போய்ப் பார்த்தான். கண்ணை இடுக்கினால் நீலமாக ஏதோ இருப்பது போலிருந்தது. இரண்டடி பின்னால் வந்தால் அதுவும் இல்லை.

மோரெட்லா ஊரின் கோட்லா என்பது மரக்கட்டைகளை அரைவட்டமாக நட்டு, மேலே வானத்தை மட்டும் விட்டுவைத்த இடம். ஊர்க்கூட்டம் அங்கேதான், காலையில்தான், வெயிலில்தான். பேசுகிறவன் முகம் எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று முன்னோர்கள் அப்படி வைத்தார்கள். முகம் நன்றாகத் தெரிகிற இடத்தில் படம் தெரியாது என்பதை அவர்கள் யோசித்திருக்க முடியாது. நீர்த்துறை யோசித்திருக்கலாம்.

படம் தெரிந்தே ஆகவேண்டும். கீழத்தெருவுக்குக் குழாய் போக வேண்டுமென்றால் அது ரா டினேயோவின் வயலைக் கடக்க வேண்டும். அவர் விடமாட்டேன் என்றார். நாலு வருஷத்துக்கு முன் ஊர்த்தலைவர் கோசியின் காளை அவர் சோளத்தை மேய்ந்துவிட்டது. வழக்கைக் கோசியே விசாரித்து, காளைமேல் குற்றமில்லை என்று தீர்ப்புச் சொன்னார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. கோசி வேண்டும் என்று சொல்கிற எதுவும் ரா டினேயோவுக்கு வேண்டாம், தண்ணீர் உட்பட. கீழத்தெருப் பெண்கள் இன்னும் கழுதை வண்டியில் பீப்பாய் ஏற்றித் தண்ணீர் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள்.

இன்றைக்குச் சம்மதம் கிடைக்காவிட்டால் குழாயைப் பக்கத்து ஊருக்குக் கொடுத்துவிடுவோம் என்று அலுவலகம் சொல்லிவிட்டது. மூன்று முறை வாயால் பேசித் தோற்ற மொதூசி, குழாய் ஏருக்கு எட்டாத ஆழத்தில் போகிறது என்று படமாகக் காட்டினால் மனிதர் இறங்கிவிடுவார் என்று நம்பினான். அந்த நம்பிக்கையில்தான் அலுவலகக் கூரையில் தொங்கிய புரொஜெக்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியிருந்தான்.

கோசி வந்தால் கூட்டம் தொடங்கும். முந்தின நாள் மாட்டுப்பட்டிக்குப் போனவர் இன்னும் திரும்பவில்லை. அங்கே போனும் எட்டாது. நல்லதாகப் போயிற்று, அதற்குள் இருட்டுக்கு வழி பார்க்கலாம் என்று மொதூசி நினைத்தான்.

ஊரில் கூடாரம் வைத்திருப்பது, சாவு வீட்டுக்கு வேண்டியதைச் செய்துகொடுக்கும் சாவுச் சங்கம் ஒன்றுதான். அதன் தலைவி மா போனோலோ, கிளினிக்குக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"கூடாரம் எதுக்கு தம்பி?"

"படம் காட்டணும் மா. கொஞ்சம் இருட்டு வேணும்."

"தெரியணும்னா விளக்குப் போடுவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். இருட்டு கேட்டு வந்தவன் நீதான்." அவர் கிடங்குச் சாவியைக் கொடுத்தார். "கிழிக்காமக் குடு. இந்த மாசம் யாரும் சாகல, மடிச்ச மடிப்பு கலையாம இருக்கு."

கோட்லாவின் கட்டைகளுக்கு நடுவில் கூடாரம் அடங்கவில்லை. சீக்கிரமே வந்திருந்த நாலைந்து ஆண்கள் அதைத் தூக்கிப்போய்க் கோசியின் வீட்டு வாசலை ஒட்டிய முள்மரத்தடியில் அடித்தார்கள். அடித்த பிறகு பார்த்தால் மின்சார ஒயர் அங்கே எட்டவில்லை. மொதூசி மறுபடி கிடங்குக்கு ஓடிச் சங்கத்தின் ஜெனரேட்டரை உருட்டிக்கொண்டு வந்தான். புரொஜெக்டரை நாற்காலியில் வைத்தால் பாதிப் படம் புல்லில் விழுந்தது. உயரத்துக்கு என்ன செய்வது என்று பார்த்தான். கிடங்கில் சாவுச் சாப்பாடு ஆக்கும் மூன்று கால் இரும்புப் பானைகள் இருந்தன. இரண்டை உருட்டி வந்து ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றினான்.

டவுன் பஸ் அந்த வழியாகத்தான் போகும். பஸ்ஸில் இருந்தவர்கள் கோசியின் வாசலில் சாவுக் கூடாரத்தைப் பார்த்தார்கள், பானைகளைப் பார்த்தார்கள், ஜெனரேட்டரின் உறுமலைக் கேட்டார்கள். கோசியின் வண்டியைக் காணோம். கோசிக்குப் போன் போட்டார்கள், கிடைக்கவில்லை. மிச்சத்தை அவர்களே கூட்டிக்கொண்டார்கள்.

மொதூசிக்கு இது எதுவும் தெரியாது. கூட்டம் சேர்வதைப் பார்த்து அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. போன மூன்று கூட்டங்களுக்கும் சேர்த்து வராத சனம் இன்றைக்கு வந்தது. பெண்களெல்லாம் சாவு வீட்டுக்குப் போர்த்தி வருகிற கனத்த தோள்போர்வை போர்த்தியிருந்தார்கள். கூடாரத்தின் ஓரங்களில் வெளிச்சம் ஒழுகிக்கொண்டிருந்ததால் அந்தப் போர்வைகளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. சுற்றிலும் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டான். அவர்கள் மறுபேச்சில்லாமல் அவிழ்த்துக் கொடுத்தார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவன் கவனித்தான். குழாய் வருகிற ஆனந்தம் என்று எடுத்துக்கொண்டான். யாரோ ஒருவர் காளை ஒன்றைக் கயிற்றில் பிடித்து வந்து மரத்தில் கட்டினார். அதை மட்டும் அவனால் எதிலும் சேர்க்க முடியவில்லை.

கிளினிக்கிலிருந்து திரும்பிய மா போனோலோ நேரே வந்து அவனைக் கட்டிக்கொண்டார்.

"என்கிட்டச் சொல்ல மனசு வரலயா தம்பி? நானே கேட்டேனே, எதுக்குக் கூடாரம்னு."

"படம் காட்டத்தான் மா."

"ஆமா. இனிமே அவரைப் படத்துலதான பாக்கணும்."

காளை சாவுச் சாப்பாட்டுக்கு என்று மொதூசிக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் பதறிப்போய், கோசி சாகவில்லை, மாட்டுப்பட்டிக்குப் போயிருக்கிறார் என்றான். மா போனோலோ அவன் கன்னத்தைத் தடவினார்.

"முதல்ல அப்படித்தான் சொல்லணும். என் வீட்டுக்காரருக்கும் காய்ச்சல்னுதான் சொன்னாங்க."

அவன் கூடாரம் அடித்த ஆண்களிடம் போய்ச் சொன்னான். சாவு விஷயத்தில் சங்கத் தலைவியை விட நீர்த்துறைக்கு அதிகம் தெரியுமா என்று அவர்கள் கேட்டார்கள். நின்றுகொண்டிருந்த சனத்திடம் சத்தமாகச் சொன்னான். நல்ல பையன், அதிர்ச்சி தாங்கவில்லை என்று ஒரு பெண் அவனுக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். வாயால் சொல்லி இந்த ஊரில் அவன் எப்போது ஜெயித்திருக்கிறான்? படம் ஓடட்டும், நீர்த்துறை, குழாய், வரைபடம் என்று திரையில் பார்த்தால் இது கூட்டம்தான் என்று தெரிந்துபோகும் என்று முடிவுசெய்தான்.

உள்ளே இப்போது அருமையான இருட்டு. லேப்டாப்பை நாற்காலியில் வைத்து, அதிலிருந்து ஒயரை இழுத்துப் புரொஜெக்டரில் செருகினான். திரை நீலமாகி, சிக்னல் இல்லை என்றது. பிடுங்கிச் செருகினான். ஊதிச் செருகினான். ஒயரை லேசாக மடக்கி, பெருவிரலால் அழுத்திப் பிடித்தபோது படம் வந்தது.

அவன் மரியாதை தெரிந்தவன். முதல் படமாகக் குழாயை வைக்காமல், கோசியின் பெரிய புகைப்படத்தை வைத்து, கீழே 'எங்கள் கோசிக்கு நன்றி' என்று எழுதியிருந்தான். கூரையில் தலைகீழாகத் தொங்கிப் பழகிய புரொஜெக்டர் அதைத் தலைகீழாகக் காட்டியது. கோசி பாதாளத்தைப் பார்த்துத் தொங்கினார். கூட்டம் மூச்சை இழுத்தது.

மொதூசி ஒரு கையால் ஒயரைப் பிடித்தபடி மறு கையால் புரொஜெக்டரைக் குப்புறக் கவிழ்த்துப் பானையின் வாயில் உட்காரவைத்தான். கோசி மெல்லச் சுழன்று நிமிர்ந்து, ஊரைப் பார்த்துச் சிரித்தார்.

பாட்டுக்குழு எழுந்து நின்று பாட ஆரம்பித்தது.

அடுத்த படத்துக்குப் போக லேப்டாப்பில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், ஆனால் அது மறு கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. போய் அழுத்தலாம் என்று விரலை எடுத்தால் ஒயர் நழுவிப் படமே போய்விடுகிறது. விடாமல் பிடித்தால் கோசி சிரித்துக்கொண்டே இருக்கிறார். நழுவவிட்டுப் பார்த்தான், கோசி மறைந்ததும் சனம் அழுத அழுகையில் பயந்துபோய் மறுபடி அழுத்தினான். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை இவனுக்குக் குழாய் வெட்டும் முன்பே நடந்துவிட்டது.

பாட்டு முடிந்ததும், போனவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். உறவுக்காரர் ஒருவர் பேசினார். பக்கத்து வீட்டுக்காரர் பேசினார். கோசி கடன் வாங்கிய ஏரைப் பற்றி ஆரம்பித்தவரை மா போனோலோ உட்காரவைத்தார். பிறகு கூடார வாசலில் ஒரு உருவம் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றது. ரா டினேயோ. மாட்டுப்பட்டிப் பக்கத்து ஒற்றையடிப் பாதையில் வேகமாக நடந்து வந்திருப்பார் போல. முழங்கால் வரைக்கும் மணல், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவருக்கு வழிவிட்டு எல்லாரும் ஒதுங்கினார்கள்.

அவர் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"நாலு வருஷமா இவர்கூட நான் பேசல," என்றார். "ஒரு காளை மாட்டுக்காக. கடைசியாப் பாத்தப்போகூட, அவர் வண்டிக்குள்ள உக்காந்திருந்தாரு, நான் வெளிய நின்னேன். அப்பவும் ஒரு வார்த்தை பேசாமத்தான் வந்தேன்."

தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"என் வயல்ல குழாய் போட விடுன்னு கேட்டாரு. குடுக்கல. இனிமே யார்கிட்ட நான் வீம்பு புடிக்கிறது? போடுங்க குழாய. எழுதிக்க தம்பி."

கீழத்தெருப் பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். அதில் துக்கம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கோசி உயிரோடு இருக்கிறார் என்று மொதூசி இப்போது இன்னொரு முறை கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பொய்ச் சாவில் கிடைத்த சம்மதத்தை, ஒரு கையில் ஒயரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதிக்கொண்டான்.

கூடாரத்துக்கு வெளியே ஒரு வண்டி வந்து நின்ற சத்தம் ஜெனரேட்டர் இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. வந்தவர் முறை தெரிந்தவர். தொப்பியைக் கழற்றிக்கொண்டு, குனிந்து உள்ளே வந்து, கடைசி வரிசையில் மா போனோலோ பக்கத்தில் உட்கார்ந்தார்.

"யாரும்மா போயிட்டாங்க?" என்று மெல்லக் கேட்டார்.

"கோசி," என்றார் மா போனோலோ, திரும்பாமலேயே. "இப்பத்தான் வர்றீங்களா? இதுக்காவது நேரத்துக்கு வரக்கூடாதா?"

வந்தவர் திரையைப் பார்த்தார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு, தன்னைப் பற்றி ஊர் சொல்வதைக் கேட்க ஆரம்பித்தார். இன்னும் மூன்று பேர் பேசினார்கள். ஜெனரேட்டர் இருமி, பெட்ரோல் தீர்ந்து நின்றது. திரையில் கோசி அணைந்தார். யாரோ ஒரு போர்வையை விலக்கினார்கள். வெயில் உள்ளே வந்தது. மா போனோலோ பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்தார்.

அவர் அலறவில்லை. எழுந்து, ஓரத்தில் கட்டியிருந்த தன் போர்வையை அவிழ்த்து உதறிப் போர்த்திக்கொண்டார். "கூடாரம் மடிப்பு கலைஞ்சதுதான் மிச்சம்," என்றார்.

மற்றவர்கள் அலறினார்கள். அது அடங்கியதும் எல்லார் பார்வையும் ரா டினேயோ மேல் போனது. அவர் கோசியை ஒருமுறை பார்த்துவிட்டுத் தொப்பியைத் தலையில் வைத்தார்.

"ஏமாத்திப்புட்டாங்க," என்றார். "செத்தவருன்னு நெனச்சுச் சொன்னேன்."

கோசி எழுந்தார். "கோட்லாவுல சொன்ன சொல்லெல்லாம் நல்ல சொல்லுன்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. சொன்னதைத் திரும்ப வாங்குற பழக்கம் இந்த ஊர்ல இல்ல," என்றார்.

"இது கோட்லா இல்லயே, கூடாரம்."

"ஊர் இருக்கிற இடம் கோட்லா."

ரா டினேயோ வாசல் பக்கம் திரும்பினார். போடட்டும், ஆனால் இப்படி ஒரு அநியாயத்தைத் தன் ஆயுசில் பார்த்ததில்லை என்று எல்லாருக்கும் கேட்கும்படி முணுமுணுத்துக்கொண்டே வெளியேறினார். கட்டிவைத்த காளையை என்ன செய்வது என்று கேட்டார்கள். கொண்டுவந்தது கொண்டுவந்ததுதான், ஆளுக்குக் குறையில்லையே என்று கோசி சொல்லிவிட்டார். இரும்புப் பானைகள் அடுப்புக்குப் போயின.

சம்மதம் கையில் இருந்தும் மொதூசிக்கு மனசு ஆறவில்லை. புரொஜெக்டரைத் துணியில் சுற்றிக்கொண்டு கோசியின் வண்டியருகே வந்தான். டிரைவர் பூசாங் சக்கரத்தில் அப்பியிருந்த மணலைக் குச்சியால் தட்டிக்கொண்டிருந்தான்.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா இந்தக் கூத்தே இருந்திருக்காது," என்றான் மொதூசி.

"விடியறப்பவே கிளம்பிட்டோம். ஆத்து மணல்ல வண்டி புதைஞ்சிருச்சு. வெளிய வந்தா ரேடியேட்டர் கொதிக்குது. ஆற விட்டுத்தான எடுக்கணும்?"

"ரா டினேயோவ நெனச்சாத்தான் பாவமா இருக்கு. கோசி நெஜமாவே செத்துட்டாருன்னு நம்பி அந்த மனுஷன் கண் கலங்கிட்டாரு."

பூசாங் குச்சியைத் தூரப் போட்டான்.

"காலையில கோசி வண்டிக்குள்ள உக்காந்திருக்க, எங்களை மணல்லேருந்து தள்ளிவிட்டதே அவருதானே."