அத்தானை விழுங்கிய விவரம்

மதிப்பிற்குரிய மூத்த அக்காவின் பாதங்களுக்கு,

மேற்குக் காட்டுக் குகையிலிருந்து தம்பி குண்டு எழுதுவது. நானும் வீட்டுக்காரியும் கோரைப்பல் தேயாமல் நலம். அங்கே நீயும் பிள்ளைகளும் நலமா? அத்தான் நலமா என்று மட்டும் கேட்கமாட்டேன். காரணம் பின்னால் வருகிறது. உட்கார்ந்து படி.

ஏழு வருஷமாக நீ என்னோடு பேசவில்லை. அம்மா இருந்த குகையை நானே வைத்துக்கொண்டது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். அந்தக் குகை இப்போது வாசலில் ஒழுகுகிறது, உள்ளறையில் கரடி குட்டி போட்டிருக்கிறது, வேள்வியைக் கெடுத்துப் பிழைக்கலாம் என்றால் முனிவர்கள் எல்லாரும் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள், இரண்டு மாதமாகக் குரங்குக் கறியே தின்று வீட்டுக்காரி என் முகத்தில் விழிப்பதில்லை, இந்த லட்சணத்தில் செவ்வாய்க்கிழமை மத்தியானம் பாதை வளைவில் மூட்டையோடு ஒரு மனிதன் வந்தால் நான் என்ன செய்வேன், நீயே சொல். அவன் ஓடவில்லை. சிரித்துக்கொண்டே கையை விரித்தபடி கிட்டே வந்தான். சாப்பாடு தானாக நடந்து வருகிறதே என்று பூரித்துப்போய் முழுசாக விழுங்கிவிட்டேன். மென்றிருந்தால், செத்ததும் வேஷம் கலைந்து, நம் அரக்கர் ஆள்தான் என்று உருவம் காட்டிக்கொடுத்திருக்கும். தொண்டையில் இறங்கும்போது, "டேய் குண்டு, நான்தான்டா!" என்று சத்தம் கேட்டது. ஏப்பம் என்று நினைத்துவிட்டேன்.

மறுநாள்தான் காக்கை உன் கடிதத்தைக் கொண்டுவந்தது. "அத்தானை மனுஷ வேஷத்துல அனுப்பறேன். சண்டை போட்டது போதும்டா. அவரை நல்லா கவனிச்சுக்கோ" என்று எழுதியிருந்தாய். "சொந்தக்காரங்க வாசனைகூடத் தெரியாத மூக்கு எதுக்கு?" என்று வீட்டுக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு ஜலதோஷம், அக்கா. மூட்டையைப் பிரித்தால் அம்மாவின் எலும்புச் சீப்பு. அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாளாக அழுகிறேன். அத்தான் என்னை ஒருநாளும் குண்டு என்று கூப்பிட்டதில்லை; உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது. வயிறு வேறு நிறைந்திருக்கிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

குகையை நீயே எடுத்துக்கொள். மன்னிக்க வேண்டாம். திட்டவாவது என்னோடு பேசு.

பிள்ளைகளுக்கு நகமும் பல்லும் ஓங்கி வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் குடியைக் கெடுத்த தம்பி,
குண்டு

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது வாசலில் அத்தான் வந்து நிற்கிறார்! மழைக்கு ஒதுங்கியதில் தாமதமாம். மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அவர் உள்ளறைவரை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்க அக்கா எங்க மச்சான்? தம்பியைப் பாக்காம இனிமே இருக்க முடியாது, நீங்க மெதுவா வாங்கன்னு சொல்லிட்டு, ஆம்பளை வேஷம் போட்டுக்கிட்டு எனக்கு முன்னாடியே கிளம்பிட்டாளே?" என்கிறார்.

இந்தக் கடிதத்தை எங்கே அனுப்பட்டும், அக்கா?