போனுக்குப் போன ஹால் நம்பர்

அன்று நடந்தவை, வரிசைப்படி:

1. பரீட்சையில் காப்பியடிப்பதை ஒழிக்க நான் ஒரு திட்டம் போட்டேன்.
2. பத்து மணிப் பரீட்சைக்கு ஒன்பதரை வரை ஒரு மாணவருக்கும் தன் ஹால் எதுவென்று தெரியவில்லை.
3. அவர்களுடைய அம்மா அப்பாக்களுக்குத் தெரிந்திருந்தது.

திருச்சியில் ஒரு தனியார் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் சாஃப்ட்வேர் வேலைக்குச் சேர்ந்த புதிது. யாருக்கு எந்த இடம் என்ற பட்டியலை முந்தின நாளே போர்டில் ஒட்டுவார்கள். மாணவர்கள் அதைப் படம் பிடித்து, முன் பெஞ்சுக்காரனைத் தேடிப்போய், "மச்சி, பேப்பரைக் கொஞ்சம் சாய்ச்சு வச்சுக்க" என்று பேசி முடித்துவிடுவார்கள்.

நான் தகவல் பாதுகாப்பில் ஒரு படிப்பு முடித்திருந்தேன் (ஆன்லைனில், சான்றிதழோடு). ஒருவர் விவரம் அவருக்கு மட்டுமே தெரிய வேண்டும் என்று பிரின்சிபாலிடம் பேசி, இரண்டு விதிகள் எழுதினேன். பட்டியலை ஒட்டுவதற்குப் பதில், பரீட்சைக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு அவரவர் போனுக்குச் செய்தி போகும். கல்லூரிக்குள் யாரும் போன் கொண்டுவரக் கூடாது.

இரண்டும் ஒரே பக்கத்தில்தான் இருந்தன. அடுத்தடுத்த வரியில்.

என் தம்பி ரிஸ்வானும் அங்கேதான் படித்தான். அன்று அவனுக்கு அரியர் பேப்பர், மூன்றாவது முறை. பாஸானால்தான் சென்னையில் கிடைத்த வேலை நிலைக்கும். வீட்டில் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தான்.

எட்டரைக்குச் செய்திகள் போயின. பிள்ளைகள் போனை வீட்டில் வைத்துவிட்டு, ஸ்ரீரங்கத்துப் பக்கத்தவர்கள் காவிரிப் பாலத்தின் மேல் பஸ்ஸிலும் மற்றவர்கள் வேறு பஸ்களிலும் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஒன்பதரைக்கு கேட்டில் பெற்றோர் கூட்டம், கையில் பிள்ளைகளின் போன்.

"போனை உள்ள விட முடியாதும்மா" என்றார் வாட்ச்மேன்.

"போன் வேண்டாங்க, ஹால் நம்பரை மட்டும் உள்ள விடுங்க" என்றார் சமயபுரத்திலிருந்து வந்த ஒரு அம்மா.

அவருக்குப் பின்னால் என் அத்தா.

"தம்பி மூணாவது தடவை எழுதுறானாம்ல?" என்றார், நிதானமாக. (செய்தி முழுமையாக இருக்கட்டும் என்று, பாடம், எத்தனையாவது முறை எல்லாம் சேர்த்திருந்தேன். பூட்டிய போனிலும் திரையில் தெரியும்.)

"அது அவனோட சொந்த விஷயம், அத்தா."

"ஆமா, அவன் போன்லதான் வந்துச்சு."

கேட்டுக்கு உள்ளே ரிஸ்வான். "அக்கா, சத்தியம் பண்ணுனியே."

"நான் ஒண்ணும் சொல்லலடா."

"ஹால் நம்பரையாவது சொல்லு."

அத்தா கை பட்டு, பூட்டிய திரையிலிருந்து செய்தி மறைந்திருந்தது; நம்பர் அவருக்கு நினைவில்லை, எனக்கும் மனப்பாடமில்லை. பத்தரைக்கு மேல் யாரையும் ஹாலுக்குள் விடக் கூடாது. ஓடிப்போய்ப் பழைய மாதிரியே பட்டியலை அச்செடுத்து, பெயரோடு போர்டில் ஒட்டினேன். பத்து இருபதுக்குக் கடைசியாக உட்கார்ந்தவன் என் தம்பி.

சாயங்காலம் பிரின்சிபால் சொன்னார்: "இன்னைக்கு ஒரு காப்பி கேஸ்கூட இல்லம்மா. பக்கத்துல யாருன்னு பாக்க அதுங்களுக்கு நேரமே இல்ல."

இன்றைய நிலை: பட்டியல் போர்டில்தான் ஒட்டப்படுகிறது, பெயர் இல்லை, பதிவு எண் மட்டும், அரை மணி நேரம் முன்பு. ரிஸ்வான் பாஸாகி சென்னையில் இருக்கிறான். வீட்டில் யாராவது ரகசியம் பேச ஆரம்பித்தால் என்னை டீ போட அனுப்பிவிடுகிறார்கள். என் திட்டம் நன்றாகவே வேலை செய்தது என்று சொல்பவர் அத்தா மட்டும்தான்.