கண் சிமிட்டாத காளை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் முழுதாகப் பார்த்த படங்களைவிட, பார்த்ததாகச் சொல்லிக் கருத்து உதிர்த்த படங்கள் நான்கு மடங்கு இருக்கும்.

இது சோம்பலால் வந்த பழக்கம் இல்லை, தொழிலால் வந்தது. திருப்பூரில் ஒரு ஏற்றுமதி பனியன் கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. ஐயாயிரம் டி-சர்ட் பெட்டி பெட்டியாக அடுக்கியிருக்கும். அத்தனையையும் பிரித்துப் பார்த்தால் கப்பல் போய்விடும். அங்கொன்று இங்கொன்றாக இருநூறு பீஸ் உருவி, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்ப்போம். அது சரியென்றால் ஐயாயிரமும் பாஸ். வெள்ளைக்காரனே ஒத்துக்கொண்ட இந்த முறை சினிமாவுக்கு மட்டும் ஏன் ஆகாது என்பது அன்றைக்கு என் வாதம். முதல் இருபது நிமிடம் பார்ப்பேன். இடைவேளைக்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் பார்ப்பேன். மீதி நேரம் தூக்கம். (ஆறு நாள் நின்றுகொண்டே வேலை செய்கிறவனை ஏசி தியேட்டரில் உட்கார வைத்தால் வேறென்ன நடக்கும்?)

திங்கட்கிழமை காலை டீ நேரத்தில்தான் எங்கள் சினிமா சபை கூடும். பார்க்காத பாதியை நான் அங்கேதான் தேற்றிக்கொள்வேன். கட்டிங் மாஸ்டர் முருகேசன் அண்ணன் திருநெல்வேலிக்காரர், எந்தப் படத்தையும் முதல் நாளே பார்த்துவிடுவார். அவர் சொல்வதில் கொஞ்சம், பேக்கிங் பெண்கள் சொல்வதில் கொஞ்சம் எடுத்துக் கலந்து, என் குரலைக் கனமாக்கி வாட்ஸ்அப் குழுவில் விமர்சனமாகப் போட்டுவிடுவேன். ஊரில் உள்ள பல கம்பெனி ஆட்களும் இருந்த குழு அது. "சார் ஒரு படத்தை எப்படிக் கிழிக்கிறார் பாருங்க" என்று பாராட்டு வரும். எனக்கும் தலைகால் புரியாது.

அந்தக் குழுவில்தான் நித்யா இருந்தாள். பெருமாநல்லூரில் ஒரு கம்பெனியில் ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். அவள் ரகமே வேறு. கடைசிப் பெயர் திரையில் ஓடி முடியும் வரை எழுந்திருக்க மாட்டாள். "இடைவேளைக்குப் பிறகு அந்த அம்மா இரண்டு தட்டு எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைக்கிறாரே, கவனித்தீர்களா?" என்று எழுதுவாள். நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நடந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். "ஆமாம், கண் கலங்கிவிட்டது" என்று பதில் போடுவேன். இப்படியே ஒரு வருடம் கண் கலங்கியதில் எனக்கு அவள் மேல் ஆசை வந்துவிட்டது. அம்மாவிடம் சொன்னேன். அம்மா விசாரித்ததில் சுற்றி வளைத்து ஒரு தூரத்துச் சொந்தம் கிடைத்தது. ஜாதகமும் பொருந்தியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வரச் சொன்னார்கள்.

அதற்கு முந்தைய வாரம் ஒரு படம் வெளியாகியிருந்தது. நம்ம பக்கத்துக் காடு தோட்டங்களிலேயே எடுத்த படம். வழக்கம்போல முப்பது நிமிடம் பார்த்துவிட்டுத் தூங்கினேன். திங்கட்கிழமை முருகேசன் அண்ணன் டீயை உறிஞ்சியபடி தீர்ப்புச் சொன்னார்.

"படம் பரவால்லடே. ஆனா ரெண்டாம் பாதில ஒரு மாடு வருதுல்லா, அது பூரா கிராபிக்ஸ். கண்ணையே சிமிட்டல பாத்துக்க."

இது போதாதா? அன்று மாலையே குழுவில் மூன்று நிமிடக் குரல் பதிவு போட்டேன். இரண்டு தடவை பார்த்ததாகச் சொன்னேன். மாடு கம்ப்யூட்டரில் வரைந்தது, திமில் ஆடுவதில் உயிர் இல்லை, கண் சிமிட்டக்கூட மறந்துவிட்டார்கள், தமிழ் சினிமா எப்போது உருப்படும் என்று முடித்தேன். நித்யா ஒரே ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பினாள். அந்த விரலில் காதலைத் தேடிக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தவன் நான்.

ஞாயிற்றுக்கிழமை புது வெள்ளைச் சட்டை, வெளுத்த பேண்ட் சகிதம் அம்மாவோடு போய் இறங்கினேன். பெருமாநல்லூரைத் தாண்டி, தோட்டத்துக்குள் வீடு. நித்யாவின் அப்பா குப்புசாமி மாமா வாசல் வரை வந்து கும்பிட்டு அழைத்துப்போனார். என்னைச் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அம்மாவை எதிரே உட்கார வைத்தார்கள். இந்த இட ஒதுக்கீடுதான் என்னைக் கவிழ்த்தது, அது பிறகுதான் புரிந்தது.

மாமா அதிகம் பேசாத மனிதர். சம்பளம், வேலை எதையும் கேட்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏனுங் தம்பி, நம்ம பக்கத்துல எடுத்த படம் ஒண்ணு வந்திருக்குதே, பாத்தீங்களா?"

கதவோரம் காபித் தட்டோடு நின்றிருந்த நித்யா, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். (பெண்கள் தலையாட்டினால் வெட்கம் என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ, அவர்களை இன்றுவரை தேடுகிறேன்.)

"ரெண்டு தடவை பாத்தனுங் மாமா" என்று ஆரம்பித்தேன்.

மாமாவின் முகம் மலர்ந்தது. "அந்தக் காளை வருதுங்களே, அது எப்படி இருந்துச்சுங்க?"

அடடா, நமக்குத் தெரிந்த பாடத்திலேயே கேள்வி வந்துவிட்டதே என்று எனக்கு ஒரே குஷி. நாற்காலியின் நுனிக்கு வந்து, குரல் பதிவில் சொன்னதை எல்லாம் ஒரு கை கூட்டியே சொன்னேன். எதிரே அம்மா இருமினாள். தண்ணீர் குடிக்கச் சொன்னேன். அம்மா மறுபடி இருமி, என் தலைக்கு மேலே கண்ணைக் காட்டினாள். பல்லி ஏதோ இருக்கிறது போல என்று விட்டுவிட்டேன். "நிஜமான காங்கேயம் காளையப் பாத்திருந்தா அப்படி வரைஞ்சிருக்க மாட்டாங்க மாமா. மூஞ்சில ஒரு களையே இல்லீங்க" என்று சொல்லி முடித்துவிட்டுப் பெருமையாகச் சுற்றிப் பார்த்தேன்.

அம்மா மெதுவாகச் சொன்னாள். "கண்ணு, பின்னால திரும்பிப் பாரு."

என் தலைக்கு நேர் மேலே, சட்டம் போட்டு மாட்டிய பெரிய போட்டோ. நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு மயிலைக் காளை. அதன் திமிலில் கை வைத்தபடி அந்தப் படத்தின் கதாநாயகன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு, புதுச் சட்டையில், உலகத்தையே வென்றவர் போல குப்புசாமி மாமா.

மாமா எழுந்தார். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "வாங்க தம்பி, கிராபிக்ஸைக் காட்டறேன்" என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டார்.

தோட்டத்தில் மாடு கட்டும் சாளைக்குப் போனோம். போட்டோவில் இருந்ததைவிடக் காளை பெரிதாக இருந்தது. "பக்கத்துல போய்ப் பாருங்க, கண்ணு சிமிட்டுதான்னு" என்றார். போனேன். காளை என்னை ஏற இறங்கப் பார்த்தது. நிதானமாக, ஒரு தடவை கண்ணைச் சிமிட்டியது. பிறகு என் புதுச் சட்டையை மோந்து பார்க்கத் தலையை நீட்டி, புஸ்ஸென்று மூச்சு விட்டது. அவ்வளவுதான் செய்தது, பாவம். நான்தான் இரண்டடி பின்னால் எகிறி, புண்ணாக்குத் தண்ணீர் வைத்திருந்த தொட்டிக்குள் உட்கார்ந்துவிட்டேன். சும்மா இல்லை, சட்டைப் பையில் இருந்த போன் முழுகும் அளவுக்கு உட்கார்ந்தேன்.

தொட்டிக்குள் இருந்தபடியே உண்மையைச் சொன்னேன். எழுந்து நின்று சொல்லும் தைரியம் இல்லை. "மாமா, நான் ரெண்டாம் பாதி பாக்கவே இல்லீங்க. தூங்கிட்டனுங்க."

மாமா கை கொடுத்துத் தூக்கிவிட்டார். "பாக்காத படத்துக்கா தம்பி இத்தனை குறை சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். "சூட்டிங் நாலு நாளுங்க. அது வெயில்ல நிக்குதேன்னு நானும் கூடவே நின்னேன்."

அந்த முகத்தைப் பார்க்க எனக்கு அவமானமாக இருந்தது. வேலையில் ஒரு நல்ல டி-சர்ட்டைத் தவறுதலாகக் கழித்தால், தைத்தவர் வந்து நிற்பதில்லை. நான் கழித்த படங்களுக்கும் அதுவரை யாரும் வந்து நின்றதில்லை. முதல் தடவையாக ஒருவர் என் எதிரே நின்றார், அதுவும் நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட பெண்ணின் அப்பா.

பெண் பார்க்கப் போனவன், பெண்ணின் அப்பா வேட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினேன். புண்ணாக்கு வாசத்துக்குப் பயந்து கார் ஜன்னல் நான்கையும் இறக்கிவிட்டாள் அம்மா. வீடு வந்ததும் ஒரே வாக்கியம்தான் பேசினாள். "மாடு எது படம் எதுன்னு தெரியாதவனுக்கு எந்த ஊட்டுல பொண்ணு குடுப்பாங்க?"

எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. குழுவில் இருந்தும் வெளியே வந்துவிட்டேன். ஆனால் வேட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே. துவைத்து, இஸ்திரி போட்டு, அடுத்த வாரம் கொண்டுபோனேன். நித்யாதான் வாங்கிக்கொண்டாள். மன்னிப்புக் கேட்டேன்.

"ஒரு வருசமா எனக்குத் தெரியும், நீங்க பாதிதான் பாக்கறீங்கன்னு" என்றாள். "தட்டு எடுத்து வெக்கற சீன் எந்தப் படத்துலயும் இல்லீங்க. நானே சும்மா எழுதிப் பாத்தேன். நீங்க கண் கலங்கிட்டீங்க."

எனக்கு மறுபடியும் தொட்டியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. "அப்புறம் ஏன் வரச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"போடறது எல்லாம் பொய்யா இருந்தாலும், படத்தைக் கிழிச்சாலும், அதுல வேலை செஞ்ச ஒருத்தரையும் காயப்படுத்திச் சொல்ல மாட்டீங்களே, அது புடிச்சிருந்துச்சு. அந்தக் குரல் பதிவு வந்த அன்னைக்குத்தான் அதுவும் போச்சு." கொஞ்ச நேரம் வேட்டியை நீவிக்கொண்டிருந்தாள். "உங்க கம்பெனில ஒரு லாட் பெயில் ஆனா என்ன செய்வீங்க?"

"நூறு பர்சென்ட் செக்கிங் பண்ணுவமுங்க" என்றேன். ஒரு பீஸ் விடாமல் பிரித்துப் பார்ப்பது.

"அப்பாவக் கூட்டிட்டுப் போய் அந்தப் படத்தை அப்படிப் பாருங்க. அப்புறம் பேசலாம்."

அவிநாசியில் ஒரு தியேட்டரில் மதியக் காட்சி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மாமாவுக்கு அது ஒன்பதாவது தடவை. எனக்கு இந்தப் பக்கம் மாமா, அந்தப் பக்கம் நித்யா. தூக்கம் வந்துவிடக் கூடாதே என்று இடைவேளையில் இரண்டு காபி குடித்தேன். காளை வரும் காட்சி ஒரு நிமிடம்கூட இல்லை. கடனுக்காகக் கதாநாயகன் சந்தையில் அதை விற்றுவிட்டு நடப்பான். அது கயிறு இழுத்த பக்கம் போகாமல் நின்று, அவனைத் திரும்பிப் பார்க்கும். மாமாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. "அவன் பக்கத்துல நான் நின்னேன் தம்பி. என்னத்தான் பாக்குது" என்று என் காதில் சொன்னார். திரையில் காளை கண்ணைச் சிமிட்டியது. எனக்கு நிஜமாகவே, முதல் தடவையாக, கண் கலங்கியது. துடைத்துக்கொள்வதை நித்யா பார்த்துவிட்டாள். பெயர்கள் ஓடி முடியும் வரை மூன்று பேரும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் நன்றி என்று போட்டு, மாமா பெயரும் வந்தது.

கல்யாணமாகி ஒன்பது வருடம் ஆகிறது. அந்தக் காளைக்கு முன்னால் என்ன பெயர் இருந்தது என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. அதன் பெயர் கிராபிக்ஸ். "கிராபிக்ஸுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்றுதான் மாமா கேட்பார். சாப்பாட்டில் உப்புக் குறைவு என்று நான் வாயைத் திறந்தாலும், "தின்னுபோட்டுச் சொல்றீங்களா மாப்பிள்ளை, கேட்டுப்போட்டுச் சொல்றீங்களா?" என்பார். முருகேசன் அண்ணன் மட்டும், கல்யாணத்துக்கு வந்து காளையை நேரில் பார்த்துவிட்டு, படத்தில் வந்தது வேறு மாடு என்று இன்றுவரை சாதிக்கிறார்.

போன வாரம் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளின் நோட்டு, வீட்டு விலங்குகள் பற்றிய பாடத்தோடு திரும்பி வந்தது. அதில் தன் தாத்தா வீட்டைப் பற்றி இப்படி எழுதியிருந்தாள்: "எங்கள் அப்புச்சி வீட்டில் ஒரு கிராபிக்ஸ் இருக்கிறது. அது வைக்கோல் தின்னும். எங்கள் அப்பாவைக் கண்டால் அதற்குப் பிடிக்காது." கீழே சிவப்பு மையில், பெற்றோர் நேரில் வரவும் என்று டீச்சர் எழுதியிருந்தார்.

நித்யாவைப் போய் வரச் சொன்னேன். "நீங்களே போங்க. பாதியில நிறுத்திராம, முழுசாச் சொல்லிப்போட்டு வாங்க" என்றாள்.