பேட்டரிக்கு வைத்த பொட்டு

எண்ணுவது எனக்கு வியாதி. மில் ஸ்டோர்ஸில் முப்பத்திரண்டு வருடம் நட்டும் போல்ட்டும் எண்ணியதில் வந்தது. ரிட்டயரான பிறகு எண்ணக் கிடைத்தவை கொஞ்சம்தான்: தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று, பழைய கார் ஒன்று. ஆனால் எண்ண வேண்டிய ஒன்றை எண்ணாமல் விட்டதால் போத்தனூரில் என் மானம் போனது.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அப்போது எனக்கு அறுபத்தொன்று. (சின்ன வயசுத் தப்பு என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.) மனைவி போன முதல் வருடம் வீட்டில் பண்டிகை கிடையாது. அடுத்த வருடம் ஆயுத பூஜைக்கு முன்பு, மதராஸிலிருந்து மகள் வசந்தி கடிதம் போட்டாள். விஜயதசமியன்று காலை ரயிலில் வருகிறாள்; நான் தனியாகச் சமாளிக்கவில்லை என்று பட்டால் வீட்டைப் பூட்டி என்னைக் கையோடு அழைத்துப் போய்விடுவாள். காரோடு ஸ்டேஷனில் நிற்கிறேன், அதைப் பார்த்து முடிவு செய்துகொள் என்று பதில் எழுதினேன்.

ஆயுத பூஜைக்குக் காருக்குப் பொட்டு வைப்பது மனைவியின் வேலை. நான் தேங்காயோடு பக்கத்தில் நிற்பேன், அவ்வளவுதான். இந்த முறை எதிலும் குறை வைக்கக் கூடாது என்று ஒரு வைராக்கியம். காரைக் கழுவினேன். பானெட்டைத் திறந்து, பேட்டரியின் இரண்டு ஒயர் கிளாம்ப்பையும் கழற்றி, பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவினேன். பிறகு இரண்டு டெர்மினலுக்கும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமம் வைத்து, அதன் மேலேயே கிளாம்ப்பை மாட்டி முடுக்கினேன். மொத்தம் நாற்பத்தொரு பொட்டு. நான்கு டயருக்கும் முன்னால் நான்கு எலுமிச்சம்பழம். பூஜையன்று வண்டி எடுக்கக் கூடாது என்பதால் சாவியைத் தொடவில்லை.

மறுநாள் ஏழே முக்காலுக்குச் சாவியைத் திருப்பினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னும் திருப்பினேன். 'டக்' என்றது, விளக்கு அணைந்தது. ரயில் ஒன்பது பத்துக்கு.

பதறாமல் கோளாறு நோட்டை எடுத்தேன். (எல்லாவற்றுக்கும் நோட்டு உண்டு.) ஹெட்லைட் போட்டுப் பார்த்தேன், அகல் விளக்கு மாதிரி இருந்தது. பேட்டரியின் ஆறு மூடியையும் திறந்தேன், தண்ணீர் சரியாக இருந்தது. நான்கு ஃபியூஸையும் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன். ஸ்டார்ட்டர் ஒயரை முடுக்கினேன். ஒவ்வொரு வேலைக்குப் பிறகும் ஒரு 'டக்'. ஒன்பது முறை. கிளாம்ப்பை மட்டும் தொடவில்லை. நேற்றுத்தானே நானே சுத்தம் செய்தேன்?

எதிர்வீட்டுத் தேங்காய் வியாபாரி தங்கவேலு வேலிக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் நின்று பார்த்தார்.

"ஏனுங்க சார், நாலு பேரு புடிச்சாத் தள்ளி உட்டரலாமுங்களே?"

ஒயரிங் கோளாறு, தள்ளினால் தீராது என்றேன். அப்படியென்றால் தன் வேனில் போய் அம்மணியைக் கூட்டி வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். தள்ளிய வண்டியில் போவதும் இரவல் வேனில் போவதும் தோல்விதானே?

மணி ஒன்பதேகால் ஆனது. ஒன்பதே முக்காலுக்கு ஆட்டோ வந்து நின்றது. பெட்டியோடு இறங்கினாள் வசந்தி. எனக்கு முழங்கை வரை கரி, வேட்டியில் கிரீஸ். டயர்களுக்கு முன்னால் நான்கு எலுமிச்சம்பழமும் நசுங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் திட்டவில்லை. பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். கிளாம்ப்பின் ஓரத்தில் பிதுங்கிக் காய்ந்திருந்ததை நகத்தால் சுரண்டினாள்.

"என்னங்கப்பா இது, பேட்டரிக்குமா பொட்டு வெச்சீங்க?"

"எல்லாத்துக்கும் வெச்சேன் கண்ணு. உங்கம்மா எங்கெங்க வெப்பான்னு தெரியல."

தங்கவேலு வேலியிலிருந்து நகர்ந்து போய்விட்டார். வசந்தி நகத்தில் ஒட்டிய சந்தனத்தைத் துடைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதானுங்கப்பா. ஸ்டீயரிங் நடுவுல."

இருபத்து மூன்று வருடம் பக்கத்தில் நின்றிருக்கிறேன். தேங்காய்க் கண் மூன்றையும் எண்ணுகிறவன், அந்த ஒன்றை எண்ணவில்லை.

காய்ந்த சந்தனம்தான் கரண்டை மறித்திருந்தது. கிளாம்ப்பைக் கழற்றி, வெந்நீரில் சந்தனத்தைக் கரைத்து, தேய்த்து மாட்டினேன். முதல் திருப்பிலேயே என்ஜின் பிடித்தது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின.

அவள் இருந்த நான்கு நாளும் காரிலேயே கூட்டிப் போனேன். ஒருநாள் உடுமலைப்பேட்டை வரைக்கும். ஊருக்குக் கிளம்பும்போது, "நீங்க இங்கயே இருங்கப்பா. அம்மா மாதிரியே செய்யோணும்னு மட்டும் சிரமப்படாதீங்க" என்றாள். நான் ஜெயித்துவிட்டேன். ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்து எண்ணினேன். தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று.

இன்றும் மகள் வீட்டில் கரண்ட் போனால், "தாத்தா பொட்டு வெச்சுட்டாரு" என்பார்கள். கண் மங்கி, காரை விற்று இரண்டு வருடம் ஆகிறது. வசந்திக்கும் அது தெரியும். இருந்தாலும் ஆயுத பூஜையன்று காலையில் போன் செய்து, இந்த வருடம் எத்தனை பொட்டு என்று கேட்பாள்.

"ஒண்ணே ஒண்ணுதான் அம்மணி" என்பேன்.